304 எவர்சில்வரையும் ஹாஃப்னியத்தையும் ஒப்பிடுவது எப்படி

சேலத்தில் இரும்பாலை ரோட்டுப் பக்கம் எங்கள் பட்டறை. சேகோ (ஜவ்வரிசி) பேக்டரிகளுக்குத் தொட்டி, ஸ்டீம் பைப், தட்டு எல்லாம் செய்து கொடுக்கிறோம். சரக்கு பெரும்பாலும் 304 எவர்சில்வர் தகடு. வெட்டுவது பிளாஸ்மா கட்டரில், அதாவது மின் ஆர்க்கின் சூட்டால் தகட்டை உருக்கி வெட்டும் கருவியில். அந்த டார்ச்சைக் கழற்றினால் உள்ளே விரல்நுனி அளவில் ஒரு செம்பு எலக்ட்ரோடு இருக்கும். அதன் முகத்தில் நட்ட நடுவே, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி தெரியும். அந்தப் புள்ளிதான் ஹாஃப்னியம். நம்ம ஊரில் அந்த உலோகத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்த இடம் இதுதான்.

அக்கா மகள் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் மெட்டலர்ஜி படிக்கிறாள். ஒரு ஸ்டீல் வகையையும் ஓர் அரிய உலோகத்தையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இணையத்திலிருந்து எடுத்த எண்களை இரண்டு பத்தி அட்டவணையாக எழுதி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள்.

“இதுல எது மாமா நல்ல உலோகம்?”

“ஸ்டீலோட வலிமைக்கு இந்த 205-ங்கிற எண்ணை எங்க எடுத்த கண்ணு? எந்த நிலையில இருந்த தகடு?”

அவளுக்குத் தெரியவில்லை. அந்த இணையப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை. அவளோடு உட்கார்ந்து அந்த அட்டவணையைத் திருத்திய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். டிப்ளமோ, பி.இ. படிக்கிறவர்களுக்கும், சரக்கு வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் உதவும்.

பெயரை முழுசாக எழுதுங்கள்

வெறும் ‘ஸ்டீல்’ என்று எழுதினால் அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. கம்பிக்கட்டு வேலைக்குப் போகும் முறுக்குக் கம்பியும் ஸ்டீல்தான், சாப்பாட்டுத் தட்டும் ஸ்டீல்தான். 304 என்று எழுதினால் பாதி சொன்ன மாதிரி: குரோமியம் 18 சதவீதத்தை ஒட்டி, நிக்கல் 8 சதவீதத்தை ஒட்டி, கார்பன் மிகக் குறைவு, மீதி இரும்பு. இன்னொரு பாதி, அந்தத் தகடு எந்த நிலையில் இருக்கிறது என்பது. அனீல் செய்து, அதாவது சூடாக்கி, இளக்கியதா, குளிர்நிலையில் உருட்டி இறுக்கியதா?

இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். அனீல் செய்த 304-இன் ஈல்டு வலிமை (திரும்பாமல் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அழுத்தம்) குறைந்தபட்சம் 205 மெகாபாஸ்கல். அதே ரசாயனக் கலவையைக் குளிர்நிலையில் உருட்டி ‘ஹாஃப் ஹார்ட்’ ஆக்கினால் 700-ஐத் தாண்டிவிடும். ஒரே பெயர், ஒரே கலவை, வலிமை மூன்று மடங்குக்கு மேல். கருவி இல்லாமலே இதன் அறிகுறியை உணர ஒரு வழி இருக்கிறது. அனீல் செய்த 304 தகட்டின் சமதளத்தில் காந்தத்தை வைத்தால் ஒட்டாது. அதே தகட்டை பிரஸ்ஸில் கொடுத்து மடித்த மூலையில், அல்லது அழுத்திக் குழியாக்கிய தொட்டியின் அடிமூடி ஓரத்தில் வைத்துப் பாருங்கள். லேசாக இழுக்கும். குளிர்நிலையில் வளைத்ததில் அந்த இடத்தின் படிக அமைப்பில் ஒரு பகுதி மாறி, காந்தத்துக்கு இணங்கும் மார்ட்டென்சைட் ஆகிவிட்டது. இதைப் பார்த்துவிட்டு “டூப்ளிகேட் சரக்கு போட்டுட்டீங்க” என்று சண்டைக்கு வந்த வாடிக்கையாளர்கள் உண்டு. சமதளத்தில் ஒட்டுகிறதா பாருங்கள் என்று காந்தத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன்.

ஹாஃப்னியம் தனிமம்தானே, அதற்கு என்ன பெயர்க்குழப்பம் என்று கேட்கலாம். தனிமம்தான். ஆனால் கடையில் வரும் கம்பி சுத்தத் தனிமம் இல்லை. இயற்கையில் ஹாஃப்னியம் எப்போதும் ஜிர்கோனியத்தோடு சேர்ந்தே கிடைக்கும். வேதிக்குணத்தில் இரண்டும் அவ்வளவு நெருக்கம். அதனால்தான் 1923 வரை அது ஒளிந்தே இருந்தது. அந்த வருஷம் கோபன்ஹேகனில் டிர்க் கோஸ்டரும் ஜார்ஜ் டி ஹெவெசியும் எக்ஸ்ரே நிறமாலை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கும் விற்பனைக்கு வரும் ஹாஃப்னியத்தில் சில சதவீதம் வரை ஜிர்கோனியம் கலந்திருக்கும். ஜிர்கோனியத்தின் அடர்த்தி 6.5, ஹாஃப்னியத்தின் அடர்த்தி 13.3. கலப்பு கொஞ்சம் ஏறினாலே எண் நகரும். ஆகவே ஹாஃப்னியத்துக்கும் தரம், ஜிர்கோனிய அளவு, அனீல் செய்ததா என்ற மூன்றையும் தலைப்பிலேயே எழுதுங்கள்.

நம்ம மாநிலத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் ஜிர்கோனியத்தின் தாதுவான ஜிர்கான் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் பழையகாயலில் அணுசக்தித் துறையின் ஜிர்கோனியம் ஆலை இருக்கிறது. அணு உலைக்குப் போகும் ஜிர்கோனியத்திலிருந்து ஹாஃப்னியத்தை ஒட்ட ஒட்டப் பிரித்தாக வேண்டும். ஏன் என்பது பின்னால் வரும்.

உத்தரவாத எண் வேறு, அளந்த எண் வேறு

தகடு வாங்கும்போது கூடவே ஆலையின் சோதனைச் சான்றான மில் டெஸ்ட் சர்டிபிகேட் வரும். அதில் ஹீட் நம்பர் ஒன்று, அதாவது ஒரே தடவையில் உருக்கிய சரக்குக்கு ஆலை தரும் எண், இருக்கும். தகட்டின் ஓரத்தில் மை போட்டு அடித்த எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். முதலில் அதைச் சரிபாருங்கள். இல்லாவிட்டால் மற்ற எண்கள் எல்லாம் யாரோ ஒருவருடைய தகட்டைப் பற்றியவை.

அப்புறம், சர்டிபிகேட்டில் இரண்டு வரிசை இருக்கும். ஒன்று, தரக்குறிப்பு கேட்கும் குறைந்தபட்சம். ஏஎஸ்டிஎம் ஏ240 என்ற அமெரிக்கத் தரக்குறிப்பின்படி 304-க்கு டென்சைல் (அறும் முன் தாங்கும் உச்ச இழுவலிமை) 515, ஈல்டு 205 மெகாபாஸ்கல், நீட்சி 40 சதவீதம். இன்னொன்று, அந்த ஹீட்டிலிருந்து வெட்டிய துண்டை இழுத்துப் பார்த்து எழுதியது. அது பெரும்பாலும் முதல் வரிசையைவிட நன்றாகவே மேலே நிற்கும். டென்சைல் 600-ஐத் தாண்டுவதெல்லாம் சாதாரணம்.

இணைய அட்டவணைகளில் நடக்கும் பெரிய குளறுபடி இங்கேதான். ஸ்டீலுக்கு உத்தரவாதக் குறைந்தபட்சத்தைப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஹாஃப்னியத்துக்கு ஏதோ ஓர் ஆய்வகத்தில் ஒரு கம்பியை இழுத்த எண்ணைப் போடுவார்கள். ஒன்று ஆலை கொடுக்கும் வாக்கு, மற்றது ஒரு நாள் நடந்த சோதனை. இரண்டையும் கழித்து, இத்தனை சதவீதம் அதிகம் என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை. குறைந்தபட்சத்தோடு குறைந்தபட்சம், வழக்கமான எண்ணோடு வழக்கமான எண். கலக்கவே கூடாது.

அனீல் செய்த ஹாஃப்னியத்தின் டென்சைல் சுமாராக 400 முதல் 500 மெகாபாஸ்கல் வரை பார்க்கலாம். வீச்சாகச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. 304-இன் படிக அமைப்பு முகமையக் கனசதுரம். அது எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி விட்டுக்கொடுக்கும். ஹாஃப்னியம் அறுகோண நெருக்க அமைப்பு. அதில் அணு அடுக்குகள் வழுக்கிச் செல்லும் வழிகள் குறைவு. உருட்டிய தகட்டை உருட்டிய திசையில் இழுத்தால் ஓர் எண், குறுக்கே இழுத்தால் வேறு எண். எனவே உங்கள் அட்டவணையில் திசைக்கு ஒரு கட்டம், வெப்பநிலைக்கு ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். 300 டிகிரியில் ஹாஃப்னியத்தின் வலிமை அறை வெப்பநிலையில் இருந்ததைவிடக் கணிசமாகக் குறைந்திருக்கும்.

அடர்த்தி: இதை மட்டுமாவது நீங்களே அளந்து பாருங்கள்

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் யாரையாவது தெரிந்தால் போதும். அவர்களிடம் இருக்கும் எலக்ட்ரானிக் தராசு இந்த வேலைக்கு அருமையான கருவி. 304 துண்டு ஒன்றை, சுமார் 100 கிராம், பிசிறு தட்டி, எண்ணெய் போகக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அப்படியே எடை போடுங்கள். பிறகு முக்கால் டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து பூஜ்யம் ஆக்குங்கள். துண்டை நைலான் நூலில் கட்டி, அடியைத் தொடாமல், ஓரத்தையும் தொடாமல், முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் துண்டின் கன சென்டிமீட்டர். முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி.

100 கிராம் 304-க்கு 12.6 சுமாரில் காட்டும், வகுத்தால் 7.93. ஏழில் நின்றால் துண்டின் மேல் குமிழி ஒட்டியிருக்கிறது, அல்லது துண்டு அடியில் தட்டுகிறது. ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி கழன்றுவிடும். இதே 100 கிராமில் ஹாஃப்னியம் கையில் இருந்தால் தராசு 7.5 தான் காட்டும். அடர்த்தி 13.31. ஈயத்தைவிடக் கனம், பாதரசத்தைவிட மயிரிழையில் லேசு. பாதரசத்தில் போட்டால் மிதக்கும்.

எங்கள் கணக்கில் சொன்னால், ஒரு சதுர மீட்டர், 3 மில்லிமீட்டர் தகடு 304-இல் 24 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஹாஃப்னியத்தில் 40 கிலோ. அதனால் வலிமையை அடர்த்தியால் வகுத்தும் ஒரு வரி எழுதுங்கள். 304-க்கு 515-ஐ 7.93 ஆல் வகுத்தால் 65. ஹாஃப்னியத்துக்கு நடுவாக 450 என்று வைத்து 13.31 ஆல் வகுத்தால் 34. எடை தாங்கும் வேலைக்கு இதுவே போதும், ஹாஃப்னியம் ஆட்டத்தில் இல்லை. (மேலே சொன்ன சட்டப்படி பார்த்தால் 515 குறைந்தபட்சம், 450 வழக்கமான எண். கலந்திருக்கிறேன் என்றாலும் அது ஸ்டீலுக்குப் பாதகமான கலப்பு. முடிவு மாறாது. இப்படிக் கலந்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கீழே எழுதிவிட வேண்டும்.)

இரண்டு புத்தகம் இரண்டு எண் சொன்னால்

அக்கா மகளின் அட்டவணையில் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது யங் மாடுலஸ் வரிதான். பொருள் எவ்வளவு விறைப்பு என்று சொல்லும் எண் அது. 304-க்கு 193 கிகாபாஸ்கல் என்பதில் தகராறு இல்லை. ஹாஃப்னியத்துக்கு ஓர் இடத்தில் 78 என்று இருக்கும், இன்னோர் இடத்தில் 140-ஐ ஒட்டி இருக்கும். இரண்டு மடங்கு வித்தியாசம். நிறையப் பேர் கண்ணில் முதலில் பட்டதை எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சந்தேகம் வந்தால், அந்த எண்ணோடு உறவுள்ள வேறோர் எண்ணைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். ஒரு மெல்லிய கம்பியில் ஒலி ஓடும் வேகம் அதன் விறைப்பையும் அடர்த்தியையும் பொறுத்தது. மாடுலஸைப் பாஸ்கலில் எழுதி, அடர்த்தியைக் கன மீட்டருக்குக் கிலோவில் எழுதி, முதலதை இரண்டாவதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், நொடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும். 304-க்குப் போட்டால் 4930. ஹாஃப்னியத்துக்கு 78 என்று எடுத்தால் 2420, 140 என்று எடுத்தால் 3240. தனிம அட்டவணைகளில் ஹாஃப்னியத்தின் ஒலிவேகம் 3010 என்று போட்டிருக்கும். அதிலிருந்து திருப்பிக் கணக்கிட்டால் மாடுலஸ் 120 வருகிறது. 140-உடன் முழுசாகப் பொருந்தவில்லைதான். ஆனால் 78 பக்கம் சாட்சி நிற்கவில்லை. ஒற்றைப் படிகத்தில் அளந்த மீள்மை எண்களைச் சராசரியாக்கினாலும் 140-க்குப் பக்கத்தில்தான் வருகிறது. நான் 140-ஐ எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கூடவே அடிக்குறிப்பில் 78 என்ற எண்ணும் புழக்கத்தில் இருக்கிறது என்று எழுதி, ஏன் விட்டோம் என்பதையும் எழுதச் சொன்னேன். வாத்தியார் மார்க் போடுவதாக இருந்தால் அந்த அடிக்குறிப்புக்குத்தான் போட வேண்டும் என்பது என் கட்சி.

சூடு: இங்கேதான் கதை திரும்புகிறது

இதுவரை ஹாஃப்னியம் தோற்றுக்கொண்டே வந்தது. சூடு என்று வந்தால் அப்படி இல்லை.

ஸ்டீம் பைப் போடுகிறவர்களுக்கு 304-இன் பெரிய தொல்லை அது நீள்வதுதான். ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 17.2 மைக்ரான். ஆறு மீட்டர் பைப்பில் 30 டிகிரியிலிருந்து 130-க்கு ஆவி ஏறினால் பத்து மில்லிமீட்டருக்கு மேல் நீளும். நீள இடம் தரும் வளைவு (லூப்) விடாமல் இரண்டு பக்கமும் இறுக்கிவிட்டால் பைப் வில்லாக வளையும், இல்லையென்றால் தாங்கியைப் பிடுங்கும். ஹாஃப்னியம் 5.9 மைக்ரான்தான். அதே ஆறு மீட்டருக்கு மூன்றரை மில்லிமீட்டர்.

இன்னும் ஒரு படி போகலாம். நீள இடமில்லாமல் இறுக்கிய கம்பியில் ஒரு டிகிரிக்கு எவ்வளவு அழுத்தம் ஏறும் என்று பார்க்க, மாடுலஸையும் விரிவெண்ணையும் பெருக்கினால் போதும். 304-க்கு 3.3 மெகாபாஸ்கல், ஹாஃப்னியத்துக்கு 0.83. அதாவது 205 மெகாபாஸ்கல் ஈல்டு உள்ள 304 கம்பி 62 டிகிரி சூடேறினாலே விட்டுக்கொடுக்க ஆரம்பிக்கும். ஏறத்தாழ அதே ஈல்டு உள்ள ஹாஃப்னியம் 250 டிகிரி வரை பொறுக்கும் (சூட்டில் வலிமை குறைவதைச் சேர்த்தால் இது கொஞ்சம் இறங்கும்). விறைப்பு வரியில் ஹாஃப்னியத்துக்குக் குறையாகத் தெரிந்தது இங்கே நிறைவாகிவிட்டது. ஒரு குணத்தைத் தனியாக வைத்து நல்லது, கெட்டது என்று எழுதாதீர்கள் என்று நான் சொல்வது இதற்குத்தான்.

வெப்பக் கொள்ளளவு வரியில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு கிலோவை ஒரு டிகிரி ஏற்ற 304-க்கு 500 ஜூல், ஹாஃப்னியத்துக்கு 144. பார்த்தவுடன் மூன்றரை மடங்கு வித்தியாசம் என்று தோன்றும். கிலோவை விட்டுவிட்டு ஒரே அளவுள்ள கட்டியை எடுங்கள். ஒரு லிட்டர் 304-க்கு சுமார் 4 கிலோஜூல், ஹாஃப்னியத்துக்கு 1.9. வித்தியாசம் இரண்டு மடங்காகச் சுருங்கிவிட்டது. இப்போது அணுக்கணக்கில் பாருங்கள். ஒரு மோல் (எந்த உலோகத்திலும் ஒரே எண்ணிக்கை அணுக்கள் உள்ள அளவு) ஹாஃப்னியம் 178.5 கிராம், அதற்கு 25.7 ஜூல். ஒரு மோல் 304 சுமார் 55 கிராம், அதற்கு 27.5. கிட்டத்தட்ட ஒன்றேதான். திட உலோகங்களில் அணுவுக்கு அணு இந்த எண் ஏறக்குறைய சமம் என்று டூலாங், பெட்டி என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1819-லேயே சொல்லிவிட்டார்கள். ஹாஃப்னியத்தின் கிலோ எண் சின்னதாகத் தெரிவதற்குக் காரணம் அதன் அணு கனம் என்பது மட்டும்தான். ஆகவே எந்த எண்ணைப் பார்த்தாலும் எதற்கு வகுத்தது என்று கேளுங்கள்: கிலோவுக்கா, லிட்டருக்கா, அணுவுக்கா?

வெப்பக் கடத்தல், ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு, 304-க்கு 16, ஹாஃப்னியத்துக்கு 23 வாட். பெரிய வித்தியாசம் இல்லை போலத் தெரியும். இதை மேலே உள்ள லிட்டர் கணக்கால் வகுத்தால் சூடு எவ்வளவு வேகமாகப் பரவும் என்பது வரும். ஹாஃப்னியத்தில் மூன்று மடங்கு வேகம்.

உருகுநிலை வரியை மட்டும் நம்பினால்

304 உருகுவது 1400-க்கும் 1450-க்கும் நடுவில். கலவை என்பதால் புள்ளியாக உருகாது, ஒரு வீச்சில் குழைந்து உருகும். ஹாஃப்னியம் 2233 டிகிரியில் உருகும். அதற்கு முன்னால், சுமார் 1740 டிகிரியில் படிக அமைப்பு ஒரு தடவை மாறும். தனிமம் என்றால் ஓர் எண், கலவை என்றால் இரண்டு எண் எழுதுங்கள்.

ஆனால் டார்ச்சில் ஹாஃப்னியம் இருப்பதற்கு இந்த 2233 மட்டும் காரணம் இல்லை. உருகுநிலையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் டங்ஸ்டன் 3422 டிகிரி. அதைத்தானே வைக்க வேண்டும்? ஆர்கான் மாதிரி வாயு ஓடும் டார்ச்சில் டங்ஸ்டன்தான் வைக்கிறார்கள். எங்களுடையது காற்றில் ஓடுகிறது. காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது. டங்ஸ்டன் ஆக்சைடு 1473 டிகிரியிலேயே உருகும், ஆவியாகியும் பறந்துவிடும். ஹாஃப்னியத்தின் ஆக்சைடு உலோகத்தைவிட அதிகம் தாங்கும், 2750-க்கு மேல். காற்றில் எரிந்து உண்டாகும் அந்த மேல்தோலே எலக்ட்ரானை நன்றாக உமிழ்ந்து ஆர்க்கைப் பிடித்துக்கொள்கிறது. உலோகத்தின் வரியில் பார்க்க வேண்டியதை இங்கே ஆக்சைடின் வரியில் பார்க்க வேண்டியிருக்கிறது. எந்த இணைய அட்டவணையிலும் ‘இதன் ஆக்சைடு என்ன செய்யும்’ என்று ஒரு கட்டம் நான் பார்த்ததில்லை. நீங்கள் போடுங்கள். 304-க்கும் அதே கட்டம் பொருந்தும். அது துருப்பிடிக்காமல் இருப்பதே மேலே படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தால்தான்.

ஓடி முடித்த எலக்ட்ரோடை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புள்ளி இருந்த இடம் குழியாகியிருக்கும், சுற்றிலும் செம்பு கருத்துப் போயிருக்கும். ஒவ்வொரு தடவை ஆர்க் அடித்து அணைக்கும்போதும் உருகிய ஹாஃப்னியம் கொஞ்சம் தெறித்துப் போகிறது. குழி ஒரு மில்லிமீட்டரை எட்டினால் மாற்றிவிட வேண்டும். விட்டால் ஆர்க் செம்பைப் பிடித்துக்கொள்ளும், டார்ச் முனையில் இருக்கும் நாசிலும் சேர்ந்து போகும். நீளமாக ஒரே வெட்டாக வெட்டுகிறவனிடம் எலக்ட்ரோடு அதிக நாள் வரும், துண்டு துண்டாக ஓட்டை போடுகிறவனிடம் சீக்கிரம் தீரும்.

(உருகுநிலை பற்றிப் பேசும்போது ஒன்று. மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிற கல்லைச் சுட்டு எடுக்கும் மக்னீசியம் ஆக்சைடு 2852 டிகிரி தாங்கும். ஸ்டீல் உருக்கும் உலைகளுக்குள் அடுக்கும் செங்கல் அதில்தான் செய்கிறார்கள். விலை உயர்ந்த ஹாஃப்னியம் ஆக்சைடுக்கே சவால் விடும் சரக்கு நம்ம ஊர் மண்ணில் லாரி லாரியாகக் கிடைத்தது.)

அரிப்பு

இரண்டு வரியில் முடித்துவிடலாம். 304-க்குச் சத்துரு குளோரைடு. உப்புத் தண்ணீரோ பிளீச்சிங் கரைசலோ தேங்கி நின்றால் புள்ளி புள்ளியாக ஓட்டை விழும். ஹாஃப்னியம் பெரும்பாலான அமிலங்களையும் காரங்களையும் பொறுக்கும், ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைந்துவிடும். “நல்ல எதிர்ப்பு” என்று எழுதாமல் எந்தத் திரவம், என்ன செறிவு, என்ன சூடு என்று எழுதினால்தான் அந்தக் கட்டத்துக்கு மதிப்பு.

கடைசியாக, ஹாஃப்னியத்தை ஏன் பிரித்தெடுக்கிறார்கள்

மேலே உள்ள எந்த வரியும் இதற்குப் பதில் சொல்லாது. வேண்டியது நியூட்ரான் உட்கவரும் குறுக்குப்பரப்பு, அதாவது ஓர் அணு நியூட்ரானை விழுங்கும் வாய்ப்பைச் சொல்லும் எண். அளவு பார்ன். ஒரு பார்ன் என்பது ஒரு சதுர சென்டிமீட்டரை ஒன்றுக்குப் பின்னால் 24 பூஜ்யம் போட்ட எண்ணால் வகுத்தது. மெதுவாகப் போகும் நியூட்ரானுக்கு ஜிர்கோனியம் 0.18 பார்ன், இரும்பு 2.6, ஹாஃப்னியம் 104. கூடப்பிறந்த மாதிரி ஒட்டித் திரியும் ஜிர்கோனியமும் ஹாஃப்னியமும் இந்த ஒரு வரியில் ஐந்நூறு மடங்குக்கு மேல் விலகி நிற்கின்றன. எரிபொருள் குழாய்க்கு நியூட்ரானை விழுங்காத உலோகம் வேண்டும், அதற்கு ஜிர்கோனியம். உலையை அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுக்கு விழுங்குகிற உலோகம் வேண்டும், அதற்கு ஹாஃப்னியம். அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிகளின் உலைகளில் அதைத்தான் பயன்படுத்தினார்கள். இதனால்தான் ஒன்றிலிருந்து மற்றதைப் பிரிக்க அவ்வளவு பாடு.

பார்ன் எண்ணைத் தடிமனாக மாற்றினால் இன்னும் தெளிவாகும். ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை அணு என்பதோடு பெருக்கிக் கணக்குப் போட்டால், மெதுவான நியூட்ரான்களில் பாதியை விழுங்க ஹாஃப்னியத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் தகடு போதும். 304-க்கு, உட்கவர்தலை மட்டும் கணக்கில் எடுத்தால், இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். கூடுதலாக இன்னொரு வசதி: ஹாஃப்னியத்தின் ஓர் ஐசோடோப்பு (அதே தனிமத்தில் எடை மாறுபட்ட அணு வகை) நியூட்ரானை விழுங்கினால் அடுத்த ஐசோடோப்பு ஆகிறது, அதுவும் விழுங்கும். அதனால் தண்டு சீக்கிரம் ஓய்ந்துபோகாது.

இனி அட்டவணையை எழுதுங்கள். குணத்தின் பெயரை முதல் கட்டத்தில் போடாமல் வேலையின் பெயரைப் போடுங்கள்: எடை தாங்க, சூட்டில் நீளாமல் இருக்க, காற்றில் ஆர்க் பிடிக்க, நியூட்ரான் நிறுத்த. ஒவ்வொரு வேலைக்கும் எந்தக் குணம், அல்லது எந்த இரண்டு குணத்தின் பெருக்கல், என்பது அடுத்த கட்டம். அதன் பிறகுதான் இரண்டு உலோகத்தின் எண்கள். கடைசிக் கட்டத்தில் அந்த எண்ணின் நிலை, திசை, வெப்பநிலை, குறைந்தபட்சமா வழக்கமானதா என்பது. விலையையும் ஒரு வரியாகப் போடலாம். 304-ஐ நாங்கள் டன் கணக்கில் வாங்குகிறோம், ஹாஃப்னியத்தை எலக்ட்ரோடுக்குள் புள்ளிக் கணக்கில் வாங்குகிறோம்.

செய்முறை ஆர்வத்தில் பழைய எலக்ட்ரோடிலிருந்து அந்தப் புள்ளியைக் கிரைண்டரில் தேய்த்து எடுக்க மட்டும் முயலாதீர்கள். கட்டியாக இருக்கும்வரை ஹாஃப்னியம் சாது. நைசான பொடியாகிவிட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும். பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது, உலர்ந்த மணலைக் கொட்டி மூட வேண்டும். குழியின் ஆழத்தைப் பார்க்க வெர்னியரின் பின்பக்க ஊசி போதும்.